காலை 6 முதல் இரவு 10 வரை: சமுதாய வானொலியில் ஒரு நாளை அடுக்குவது எப்படி

நான் முதன்முதலில் போட்ட நிகழ்ச்சி அட்டவணை பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. 16 மணி நேரம், 26 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். சுவரில் ஒட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாம் நாள் காலை அதைக் கிழித்துப் போட்டதும் நான்தான். அதற்குள் இரண்டு பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். மதியம் 'சிறு தொழில் நேரம்' என்று போட்டிருந்த இடத்தில் இரண்டு நாளாக வெறும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் 11 வருடமாக இந்தத் தாளை நான்தான் போடுகிறேன். நாங்கள் அதை 'நாள் தாள்' என்போம். புதிதாக நிலையம் தொடங்குகிறவர்கள் வந்து "ஒரு நாளை எப்படி நிரப்புறீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் கைகளைக் கவனியுங்கள்

நிகழ்ச்சிப் பெயர் எதையும் யோசிக்காதீர்கள். ஒரு வெறும் தாளின் இடது ஓரத்தில் மணியை எழுதுங்கள். எதிரே, அந்த நேரத்தில் உங்கள் நேயரின் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று எழுதுங்கள். காது எப்போதும் திறந்தேதான் இருக்கிறது. ஆனால் கை எதில் மாட்டியிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் காது நம்மோடு எவ்வளவு நேரம் தங்கும் என்பது.

காலை 6 முதல் 9 வரை கை பரபரக்கிறது. குளிக்க வேண்டும், பிள்ளையைக் கிளப்ப வேண்டும், சாவியைத் தேட வேண்டும். ஆள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். மூன்று நிமிடத்துக்கு மேல் எதைச் சொன்னாலும் பாதிதான் அவருக்குக் கிடைக்கும். அதனால் காலையில் எல்லாமே சின்னத் துண்டுகள்: நேரம், வானிலை, ஒரு அறிவிப்பு, ஒரு பாட்டு, மறுபடி நேரம்.

10 மணிக்கு மேல் கை ஒரே வேலையில் நிலைத்துவிடும். தையல், தறி, பட்டறை, வீட்டு வேலை. ஆள் இடத்தை விட்டு நகர மாட்டார். இங்கேதான் அரை மணி நேரப் பேச்சுக்கு இடம். மதியம் கை ஓய்கிறது, கண்ணும் சொக்குகிறது. மாலை 4 மணிக்குப் பிள்ளைகள் கை. 7 மணிக்குக் கை போனை எடுக்கிறது, அது நேயர் அழைப்புக்கான நேரம். 9 மணிக்கு மேல் கேட்கிறவர் பெரும்பாலும் தனியாக இருப்பவர்: காவலுக்கு இருப்பவர், தூக்கம் வராதவர், படிக்கிற பையன்.

இதை உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்யக் கூடாது. வாரநாள் ஒன்றில் நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் ஒலிபரப்பு எட்டுகிற பகுதிக்குள் நடந்து பாருங்கள். குறைந்த திறன் எஃப்எம் என்றால் சுற்றுவட்டம் அநேகமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அதுவும் நடுவில் மேடு இல்லாமல் இருந்தால். ஒரு நாளில் நடந்து பார்த்துவிடலாம். காலை 10 மணிக்குப் பெண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நடந்து பார்த்தபோது தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. மகளிர் நிகழ்ச்சியை அன்றைக்கே மாலைக்கு நகர்த்தினேன்.

அடுத்தது, உங்கள் கைகளை எண்ணுங்கள்

இது கசப்பான கணக்கு. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 112 மணி. எங்களிடம் ஒழுங்காக வருகிற தன்னார்வலர்கள் ஆறு பேர். வெளியே போய்ப் பதிவு செய்து வரும் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்கு எனக்கு எட்டு மணி நேரம் ஆகிறது. போய்வர, பேச வைக்க, திரும்பக் கேட்க, வெட்ட, ஒட்ட, அளவு பார்க்க. நேரலை அப்படியல்ல. ஒரு மணி நேர நேரலைக்கு இரண்டு மணி நேரம் தயார் செய்தால் போதும், ஆனால் ஆள் அந்த நேரத்தில் அங்கே இருந்தே ஆக வேண்டும்.

இப்போது எங்கள் நாள் இப்படி: புதிதாகச் செய்வது 4 மணி நேரம். மறு ஒலிபரப்பு 4. பாட்டும் இடையே சிறு பேச்சும் 5. மற்ற நிலையங்களோடு மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சிகளும் பாட நிகழ்ச்சிகளும் 3. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 16 மணி நேரத்துக்கே ஆசைப்பட வேண்டாம். காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி என்று ஆரம்பியுங்கள். ஒழுங்காக வருகிற நான்கு மணி நேரத்துக்குத்தான் கேட்கும் பழக்கம் உண்டாகும்.

மறு ஒலிபரப்பு என்றால் சிலருக்கு ஏதோ ஏமாற்று வேலை மாதிரி படுகிறது. காலை பத்தரைக்குக் கேட்கிறவரும் மதியம் இரண்டரைக்குக் கேட்கிறவரும் வேறு வேறு ஆள். இன்றைக்குக் காலை 10:30க்குப் போவது நாளைக்கு மதியம் 2:30க்கு மறுபடி வரும் என்பது எங்கள் நிலையத்தில் மாறாத விதி. ஒருமுறை தவறவிட்டவர் எப்போது திரும்பக் கேட்கலாம் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இந்த விதியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

மணி வட்டம்

ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். அதுதான் ஒரு மணி நேரம். வானொலிக்காரர்கள் இதை 'கிளாக்' என்பார்கள். எந்த நிமிடத்தில் என்ன என்று அதில் குறிக்க வேண்டும். காலை நேரத்துக்கு எங்கள் வட்டத்தில் மணி அடிக்கும்போது நிலையத்தின் பெயர், நேரம், வானிலை. பத்தாம் நிமிடம் அறிவிப்புகள். அரை மணியில் மறுபடி நேரமும் வானிலையும். நடுவில் பாட்டும் சிறு துண்டுகளும். எல்லாவற்றையும் கட்டிப் போட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு நான்கு ஆணி அடித்தால் போதும், மிச்சம் தானாகத் தொங்கும்.

நிமிடக் கணக்குப் பார்ப்பதில் ஒரு வித்தை இருக்கிறது. முன்னிருந்து எண்ணாமல் பின்னிருந்து எண்ணுவது. உதாரணமாக, 7 மணிக்குச் சரியாக நிலையத்தின் பெயர் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் பாட்டு 4 நிமிடம் 20 விநாடி. அப்படியானால் அது 6:55:40க்குத் தொடங்க வேண்டும். இப்போது கடிகாரம் 6:54:50 காட்டுகிறது. எனக்கு 50 விநாடி இருக்கிறது. நிமிடத்துக்கு நான் சுமார் 90 சொற்கள் பேசுவேன், ஆக 75 சொற்கள். பேசலாம். ஆனால் விருந்தினர் இழுத்து இழுத்து 6:56:10க்குத்தான் முடித்தார் என்றால் அந்தப் பாட்டு அடங்காது. 3:50 நீளமுள்ள வேறு ஒன்றை எடுக்க வேண்டும். அதற்காகவே நீளவாரியாக அடுக்கிய கருவியிசைப் பட்டியல் ஒன்று மேசையில் இருக்கட்டும். வயலினையோ நாதஸ்வரத்தையோ எங்கே வேண்டுமானாலும் மெதுவாகத் தணிக்கலாம். பாடகரை வரி நடுவில் அறுத்தால் கேட்கிறவருக்கு வயிற்றைப் பிசையும்.

உங்கள் பேச்சு வேகத்தை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வானொலிக் கையேடுகளில் இருக்கும் சொற்கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல்!

அரை மணி நிகழ்ச்சி என்றால் 28 நிமிடத்துக்குச் செய்யுங்கள். முகப்பிசை, அறிமுகம், அடுத்தது என்ன என்ற ஒரு வரி, எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். நேரம் சொல்வதிலும் அலட்சியம் கூடாது. ஊரே அதைக் கேட்டுக் கடிகாரம் வைக்கிறது. பிபிசி 1924இலிருந்து மணிக்கு ஆறு 'பீப்' ஒலிகளை அனுப்பி வருகிறது. கடைசி பீப் மட்டும் நீளம், அது தொடங்கும் கணம்தான் சரியான மணி. நம்மிடம் பீப் இல்லாவிட்டாலும் ஸ்டுடியோக் கடிகாரத்தைத் தினமும் இணைய நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

ஆறு மணி

டிரான்ஸ்மிட்டரைக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, சாதாரண வானொலிப் பெட்டி ஒன்றில் கேட்டுப் பாருங்கள். ஹெட்போனில் கேட்டால் போதாது. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் காலை நான் ஆறு மணிக்கு வணக்கம் சொல்லி, வானிலை சொல்லி, இரண்டு பாட்டுப் போட்டு, ஒரு பெரியவருக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லி முடித்தேன். ஹெட்போனில் எல்லாம் கணீரென்று கேட்டது. 6:40க்கு வாட்ச்மேன் கதவைத் தட்டி, "அக்கா, இன்னைக்கு லீவா?" என்றார். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் கேபிள் கழன்று கிடந்தது. 40 நிமிடம் எனக்கு நானே ஒலிபரப்பியிருக்கிறேன். அன்றிலிருந்து மேசை ஓரத்தில் ஒரு பழைய பாக்கெட் ரேடியோ மெல்லிய சத்தத்தில் எப்போதும் ஓடுகிறது. மைக் திறக்கும்போது மட்டும் அதன் சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊளையிடும்.

மைக் முன்னால் நாலு விரல் முதல் ஒரு சாண் தூரம். நேர் எதிரே வாயை வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசினால் 'ப'கரம் வெடிக்காது. கணினியில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் ஆடட்டும், உரக்கச் சிரித்தால் மைனஸ் 6. பூஜ்யத்தைத் தொட்டால் கரகரப்பாகிவிடும், அதை அப்புறம் யாராலும் சரிசெய்ய முடியாது.

அறிவிப்புகளுக்கு வருவோம். நேயர்கள் நம்மைக் காலையில் போடுவதே இதற்குத்தான். நமக்கு வருகிற தாளில் இப்படி இருக்கும்: 'வருகின்ற செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பராமரிப்புப் பணிகள் நடைபெறவிருப்பதால் கீழ்க்கண்ட பகுதிகளில் மின் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும் என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.'

இதை அப்படியே வாசித்தால் என்ன ஆகும்? தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. 'நிறுத்தி வைக்கப்படும்' என்பது காதில் விழுவதற்குள் கிழமையும் மணியும் பறந்துபோயிருக்கும். அப்புறம், வானொலியில் 'கீழ்க்கண்ட' என்று ஒன்று கிடையாது. கேட்கிறவருக்குக் கீழே தரைதான் இருக்கிறது. நான் இப்படி மாற்றுவேன்: 'செவ்வாய்க்கிழமை கரண்ட் இருக்காது. காலை 9 மணிக்குப் போனால் மாலை 5 மணிக்குத்தான் வரும். எந்தெந்தத் தெரு என்று சொல்கிறேன், உங்கள் தெரு இருக்கிறதா பாருங்கள்.' பிறகு தெருக்கள். பிறகு மறுபடியும், 'செவ்வாய்க்கிழமை, 9 முதல் 5 வரை.' என்ன விஷயம் என்பது முதலில், விவரம் அப்புறம், கடைசியில் நாள் மறுபடி. போன் எண் என்றால் இரண்டிரண்டு இலக்கமாக, இரண்டு தடவை, நடுவில் ஆள் பேனா தேடுவதற்கு நேரம் விட்டு.

நம் நேயர் அத்தனை பேரும் ஒரே பாலத்தைப் பார்த்தவர்கள், ஒரே பேருந்துக்குக் காத்திருந்தவர்கள். பெரிய நிலையம் 'நகரின் தென்பகுதியில் போக்குவரத்து நெரிசல்' என்று சொல்லட்டும். நீங்கள் 'பள்ளிக்கூட வாசலில் லாரி ஒன்று பழுதாகி நிற்கிறது, பின்தெரு வழியாகப் போங்கள்' என்று சொல்லலாம். இந்த வசதி வேறு யாருக்கும் இல்லை.

செய்தி விஷயத்தில் மட்டும் உங்கள் நாட்டு உரிமத்தை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். சில நாடுகளில் சமுதாய வானொலி தானே செய்தி தயாரிக்கலாம். இந்தியாவில் முடியாது, ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை மாற்றாமல் அப்படியேதான் தர வேண்டும். ஆனால் வானிலை, தேர்வு, தண்ணீர், போக்குவரத்து போன்ற உள்ளூர்த் தகவல்களுக்கு அங்கே தடையில்லை. பாட்டுக்கான விதியையும் அப்படியே படித்துவிடுங்கள். உரிமைத்தொகை யாருக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் ஒலிபரப்ப ஆரம்பிக்காதீர்கள்.

பத்தரை மணிப் பேச்சு

நாளின் நடுமுதுகு இதுதான். எட்டு மணி நேர உழைப்பை இங்கேதான் போட வேண்டும்.

கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரைப் பதிவு செய்யப் போயிருந்தேன். மைக்கைப் பார்த்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நேயர்கள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடம் கேள்வி கேட்டேன். ஒரு வரிகூடத் தேறவில்லை. சரி என்று மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயா, அந்தக் கைக்கடிகாரத்துக்கு என்ன?" என்றேன். அவர் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். "இதா... இது தண்ணிக்குள்ள விழுந்திருக்கு. சொல்ல மாட்டாங்க. நமக்குத் தெரியாதா என்ன?" அங்கிருந்து அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். கை வேலையில் இருந்தால்தான் வாய் அவிழும். அதற்கப்புறம் யாரையும் சும்மா உட்கார வைத்து நான் பேட்டி எடுத்ததில்லை.

இன்னொரு சிக்கல் அங்கே. சுவரெல்லாம் கடிகாரம். டிக் டிக் என்று ஏழெட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டி ஒட்டும்போது தாளம் தவறும். ஒரு சொல்லை எடுத்தால் நடுவில் ஒரு டிக் காணாமல் போகும். காது அதைக் கண்டுபிடித்துவிடும். விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் எழுந்து பெண்டுலங்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து நிறுத்தினார். கடைசியாக ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, "இத நிறுத்த மாட்டேன், இது எங்க அப்பா வச்சது" என்றார். அதை எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொண்டு பதிவு செய்தோம். கிளம்பும்போது, "நீ போம்மா, இதையெல்லாம் மறுபடி நேரத்துக்கு வைக்க எனக்கு அரை நாள் ஆகும்" என்றார். மைக்கை அணைத்த பிறகு சொன்னது. நல்ல வரிகள் எப்போதும் அப்போதுதான் வரும். "இதையும் போட்டுக்கலாமா?" என்று அனுமதி கேட்டு, இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். அதே மாதிரி வரவில்லைதான். இப்போதெல்லாம், "முடிஞ்சது ஐயா, ஆனா வாசல் வரைக்கும் மெஷின் ஓடிக்கிட்டுதான் இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பதிவு முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களுக்கு ஒட்டுப் போட அது வேண்டும். வெட்டுவதற்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். கேள்வி என்று பெரிதாக எழுதிக்கொண்டு போக வேண்டாம். நான் அதிகம் கேட்கும் கேள்வி, "அப்புறம்?"

வாரத்தில் இரண்டு நாள் இந்த இடத்தில் பாடம் வைக்கிறோம். வானொலியில் பாடம் புதிதல்ல. கொலம்பியாவில் 1947இல் ஒரு பாதிரியார் தொடங்கிய ரேடியோ சுதத்தென்சா, உழவர்களுக்கு எழுத்தறிவையே வானொலியில் கற்றுக்கொடுத்தது. அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளூர் உதவியாளர் ஒருவர் இருந்து கூட்டத்தை நடத்துவார். குரல் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நாங்களும் பாட நேரத்தில் எங்காவது ஒரு திண்ணையில் பத்துப் பேரைச் சேர்த்து வைக்கிறோம். எழுதச் சொன்னால் எழுதுவதற்கு நேரம் விடுங்கள். அந்த இடைவெளியில் மெல்லிய இசை போகட்டும், மௌனம் போனால் நிலையம் செத்துவிட்டது என்று அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவார்கள்.

மதியமும் பிள்ளைகளும்

மதியத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய பாட்டு, மறு ஒலிபரப்பு, மாற்று நிகழ்ச்சிகள். கணினியே ஓட்டும். நீங்கள் போய்ப் படுங்கள்.

ஆனால் படுப்பதற்கு முன் 'ஆபத்துப் பெட்டி'யைப் பார்த்துவிடுங்கள். கணினியில் ஒரு கோப்புறை. 3 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என்று எப்போது வேண்டுமானாலும் போடக்கூடிய துண்டுகள். விருந்தினர் வராவிட்டால், இணைப்பு போனால், கோப்பு திறக்காவிட்டால் இதிலிருந்து எடுக்கலாம். ஒரே நிபந்தனை, அதில் 'இன்று', 'நாளை', 'காலை வணக்கம்' எதுவும் இருக்கக் கூடாது. ஒரு புதன்கிழமை மருத்துவர் ஒருவர் வர முடியாமல் போய், அவசரத்தில் 15 நிமிடத் துண்டைத் தட்டினேன். அருமையான துண்டு. கடைசி வரியில், 'நாளை ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு மகிழுங்கள்' என்று முடிந்தது. ஒரு பள்ளிப் பையன் போன் செய்து, "அக்கா, நெஜமாவா?" என்று கேட்டான்.

பிள்ளைகள் நேரத்தை நேரலையில் வைக்காதீர்கள். சனிக்கிழமை கூட்டி வைத்து நாலு வாரத்துக்கானதைப் பதிவு செய்துவிடுங்கள். மைக்கை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார வையுங்கள். ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த தாளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். 'நேரு மாமா' பாணிச் சொற்பொழிவை எட்டு வயதுக் குழந்தை ஒப்பிப்பதை இன்னொரு எட்டு வயதுக் குழந்தை கேட்காது. ஒரு பெட்டிக்குள் ஏதாவது பொருளைப் போட்டுக் குலுக்கி, என்ன என்று கேளுங்கள். இருபது நிமிடம் போவதே தெரியாது.

ஏழு மணி: நேயர் அழைப்பு

தலைப்பு குறுகலாக இருக்க வேண்டும். 'கல்வியின் இன்றைய நிலை பற்றி உங்கள் கருத்து' என்று ஒருமுறை வைத்தோம். வந்தது இரண்டு அழைப்பு, இரண்டும் நிலையத்துக்கு வேண்டியவர்கள். அடுத்த வாரம், 'நீங்கள் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது எப்போது?' என்று கேட்டோம். ஒன்பது மணி வரை மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல்வியைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் அதிலேயே வந்துவிட்டது: அடி, பயம், கட்டணம், பாதியில் நின்ற படிப்பு.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மைக்கில், ஒருவர் போனில். போனில் இருப்பவர் முதலில் பெயரும் என்ன சொல்லப் போகிறார் என்பதும் கேட்டுக்கொண்டு, "ரேடியோ சத்தத்தக் குறைச்சுக்குங்க" என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ! குறைக்காவிட்டால் அவர் குரலே அவருக்குத் திரும்பிக் கேட்டு, 'ஹலோ ஹலோ' என்று தவித்துக்கொண்டிருப்பார். ஒரு அழைப்புக்கு மூன்று நிமிடம். பெரிய நிலையங்களில் சில விநாடி தாமதக் கருவி இருக்கும், தகாத சொல் வந்தால் வெட்டிவிடலாம். எங்களிடம் அது கிடையாது. ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் மேல் ஒரு விரல் எப்போதும் இருக்கிறது. கோபமாகப் பேசுகிறவரை வெட்டாதீர்கள், அவரிடம்தான் விஷயம் இருக்கும். இன்னொருவரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்ட ஆரம்பித்தால் உடனே இறக்கிவிட்டு, ஏன் இறக்கினோம் என்பதையும் நேயருக்குச் சொல்லுங்கள்.

உடம்பு சம்பந்தமான கேள்விகளில் பொதுவாக விளக்கலாம், ஆனால் யாருக்கும் மைக்கில் மருந்து சொல்லக் கூடாது. பதில் தெரியாத கேள்வி வந்தால் வெட்கப்பட வேண்டாம். இலங்கையின் கொத்மலை சமுதாய வானொலியில், இணையம் அரிதாக இருந்த 1990களின் இறுதியிலேயே, நேயர் அனுப்பும் கேள்விகளுக்கு இணையத்தில் தேடி, கிடைத்ததை நிபுணர்களோடு பேசி அவர்கள் மொழியிலேயே விளக்கும் நிகழ்ச்சி நடந்தது. தேடுவதையே நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள். நாங்களும் செய்கிறோம். "தெரியலைங்க, பாத்துட்டு வியாழக்கிழமை சொல்றேன்" என்போம். வியாழக்கிழமை கட்டாயம் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். அதற்கென்று நாள் தாளின் பின்பக்கத்தில் ஒரு கடன் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்பது முதல் பத்து

ஜிங்கிள் வேண்டாம், விளம்பரக் குரல் வேண்டாம். ஒரே ஒரு ஆளிடம் பேசுவது மாதிரி பேசுங்கள். 'நேயர்களே' என்ற பன்மையை இந்த ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் கொடுங்கள். இந்த நேரத்துக்கு எங்களிடம் இருப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். சில சமயம் பாட்டு முடிந்ததும் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, "ம்... நல்லா இருந்துச்சு" என்பார். அவ்வளவுதான். அவருக்கு வருகிற கடிதங்கள் மாதிரி எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

முடிக்கும்போது நாளைக் காலை முதல் நிகழ்ச்சி என்ன என்று சொல்லி, நிலையத்தின் பெயரும் அலைவரிசையும் சொல்லி, முகப்பிசை முழுவதும் போய் முடிந்த பிறகு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். பதிவேட்டில் நேரம், யார் இருந்தது, என்ன தடங்கல் என்று எழுதுங்கள். 'தடங்கல் இல்லை' என்று பொய் எழுத வேண்டாம், அடுத்த வாரம் அதே கேபிள் கழலும்போது தேதி தேட வேண்டியிருக்கும். காலை ஆறு மணிக்கான கோப்பை ஏற்றிவைத்து, ஒருமுறை திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நேற்று இரவு இதையெல்லாம் முடித்து விளக்கை அணைக்கப் போகும்போது போன் அடித்தது. வயதான பெண் குரல்.

"அம்மாடி, காலையில கடிகாரக்காரர் பேசினாரே, பாதியில பேரன் கூப்பிட்டான்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அந்தப் பெண்டுலத்த நிறுத்தினாரா இல்லையா?"

"நாளைக்கு மத்தியானம் ரெண்டரைக்கு மறுபடி வரும்மா. கேளுங்க."

"சொல்லிடேன்."

"ரெண்டரைக்குக் கேளுங்கம்மா."

வைத்துவிட்டு நாள் தாளில் 2:30க்கு எதிரே அவர் பெயரை எழுதினேன். ஒலிபரப்பு முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், முழுசாகக் கேட்டாரா என்று.